ஜூன் மாதப் பிரீமியமும் பின்குறிப்பில் வந்த பாலிசியும்

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், வயது 41. இரண்டு பிள்ளைகள். 2020 ஜூனில், கொரோனா பயத்தில், ஏஜென்ட்டாக இருக்கும் அவருடைய தாய்மாமா பேச்சைக் கேட்டு அவர் பெயரில் 10 லட்சத்துக்கு, காப்போடு சேமிப்பும் சேர்ந்த ஓர் எண்டோமென்ட் பாலிசி எடுத்தோம். 20 வருடம், வருடத்துக்கு 52,000 ரூபாய். ஆறு பிரீமியம் கட்டியாயிற்று, மொத்தம் 3,12,000. ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸும் பிரீமியமும் ஒன்றாக வருவதால் ஒவ்வொரு வருடமும் என் வளையலை மாதம் ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்துத்தான் கட்டுகிறோம். டிசம்பரில் மீட்போம். யூடியூபில் பார்த்தால் இந்த மாதிரி பாலிசியெல்லாம் வேஸ்ட், உடனே சரண்டர் செய்து பாதியிலேயே மூடிவிடுங்கள் என்கிறார்கள். கிளையில் கேட்டதற்கு, சரண்டர் செய்தால் 2,20,000 கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 92,000 ரூபாய் போய்விட்டதே என்று வயிறு எரிகிறது. மாமாவோ, “இதை மூடிட்டு வேற நல்ல திட்டம் வந்திருக்கு, அதுல போட்டுக்கலாம்” என்கிறார். மூடவும் மனமில்லை, கட்டவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பி.கு.: போன மாதம் கணவர், சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சத்தை டெபாசிட் செய்ய வங்கிக்குப் போனார். அங்கே அதையும் ஒரு பாலிசியில் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்றார்களாம். பாண்டு (பாலிசிப் பத்திரம்) வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கணவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடிதம் முழுக்கப் பழைய பாலிசியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் புதியதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரிதான் முதலில் கண்ணில் பட்டது. பழைய பாலிசியைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து யோசிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. புதியதற்கு மீதி இருப்பது பதினெட்டே நாள். இந்தப் பதில் வெளிவர நாளாகும் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் மற்றவர்களுக்காக இங்கே மறுபடியும் சொல்கிறேன்.

ஆயுள் காப்பீட்டில் ஃப்ரீ லுக் என்று ஒரு வசதி உண்டு. பாண்டைப் படித்துப் பார்த்து, இது நமக்கு வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாள்தான் இருந்தது. 2024-ல் அதை 30 நாளாக்கினார்கள். பாண்டு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. பாண்டில் அச்சடித்த தேதியோ பணம் கட்டிய தேதியோ கணக்கில்லை. அதனால் கூரியர் கவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மெயிலில் வந்தது என்றால் அந்த மெயிலின் தேதி.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கப் படத்தைப் பார்த்தேன். அது யூலிப். சந்தையில் போடப்படும் பணம், அதோடு கொஞ்சம் காப்பு. ஒரு தடவை கட்டினால் போதும் என்று சொன்னார்களாம். அச்சில் இருப்பதோ, வருடம் ஒரு லட்சம் வீதம் பத்து வருடம். அடுத்த வருடம் இன்னொரு லட்சத்துக்கு எங்கே போவீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வருடத்தில் இரட்டிப்பு என்ற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. தேடிப் பாருங்கள்.

அதோடு இன்னொன்றையும் தேடுங்கள். பாண்டோடு சேர்த்து, உங்கள் கணவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலும் இருக்கும். அதில் உடல்நலம் பற்றி வரிசையாகக் கேள்விகள் வரும். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே என்ன குறித்திருக்கிறது? நான் 22 வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் பாலிசி சேவைப் பிரிவில் இருந்தவன். வேறு யாரோ நிரப்பிய விண்ணப்பங்களில் எல்லாக் கேள்விக்கும் ஒரே இழுப்பாக ‘இல்லை’ என்று டிக் போட்டிருப்பதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கேட்டு எழுதினால் ஒரு மணி நேரம் ஆகும், ‘இல்லை’ என்று போட்டால் ஐந்து நிமிடம். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி முதல் மூன்று வருடத்துக்குள் ஒரு இறப்பு நேர்ந்தால், நோயை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க வழி உண்டு. மூன்று வருடம் தாண்டினால் கேள்வி கேட்க முடியாது. ஆக, இந்தப் புதிய பாலிசி பணமாகவும் நீங்கள் கேட்டதைத் தராது, காப்பாகவும் நம்பி வைத்துக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுங்கள்.

எப்படி? வங்கிக்குப் போகாதீர்கள். போனால் மேனேஜர் லீவு என்பார்கள், பாலிசி விற்ற பையன் மாற்றலாகிவிட்டான் என்பார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். பதினெட்டு நாள் அப்படியே கரைந்துவிடும். பாலிசி எந்தக் காப்பீட்டு நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் கிளைக்கு நேராகப் போங்கள். பாலிசி எண், பாண்டு கிடைத்த தேதி, ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்யக் கோருகிறேன் என்ற ஒரு வரி, டெபாசிட் என்று சொல்லி விற்றார்கள் என்ற காரணம், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவு போதும். கையெழுத்து உங்கள் கணவருடையதாக இருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருப்பதால். ஒரு நகலில் சீல் போட்டுத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதே கடிதத்தை நிறுவனத்தின் மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள். சீல் போடத் தயங்கினால் மெயில் சாட்சி.

முழு ஒரு லட்சமும் வராது. இத்தனை நாள் காப்பு இருந்ததற்கான சிறு தொகை, முத்திரைத்தாள் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு ஆகியவற்றைப் பிடித்துக்கொள்வார்கள். யூலிப் என்பதால் இந்த நாள்களில் சந்தை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அதுவும் சேரும். பெரிய இழப்பு இல்லை.

பாலிசி தொடங்கும் முன் ஒரு வெரிஃபிகேஷன் கால் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொல்லுங்கள் என்று வங்கியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், உங்கள் கணவரும் சொல்லியிருப்பார். கவலைப்பட வேண்டாம். ஃப்ரீ லுக்குக்கு அந்தப் பதிவு தடை இல்லை. முப்பது நாள் தாண்டிப் புகார் என்று போகும்போதுதான் அதை எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள்.

முப்பது நாள் தாண்டியவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்வி எனக்கு மாதம் நாலைந்தாவது வருகிறது, அதனால் சுருக்கமாக. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மேன் என்றால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில், அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு வழி இருக்கிறது. இடையில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் புகாரைப் பதிந்து வைப்பது நல்லது. அவர்களுடைய தொலைபேசி எண் 155255. என் அனுபவத்தில் புகார் ஜெயிப்பதும் தோற்பதும் காகிதத்தில்தான். டெபாசிட் என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, ‘எஃப்.டி., 5 வருடம், டபுள்’ என்று அந்தப் பையன் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது.

புகாரும் நிற்கவில்லை, பாலிசி யூலிப் என்றால், அப்போதும் பெரிய பள்ளம் இல்லை. கட்டுவதை நிறுத்தலாம். ஐந்து வருடம் முடியும் வரை பணம் கைக்கு வராது. ஆனால் தனியாக ஒரு நிதியில் போட்டு வருடத்துக்குக் குறைந்தது 4 சதவீதமாவது வட்டி தர வேண்டும். நிறுத்தியதற்காகப் பிடிக்கிற தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் கட்டும் பாலிசியை முதல் வருடத்தில் நிறுத்தினால் அது 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆறாயிரத்தைக் காப்பாற்றப் போய் இன்னும் ஒன்பது லட்சத்தைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது பழைய பாலிசி.

92,000 போய்விட்டதே என்று எழுதியிருக்கிறீர்கள். போய்த்தான் விட்டது. ஆனால் அது இப்போது நீங்கள் சரண்டர் செய்வதால் போகிற பணம் இல்லை. 2020-லும் அதற்கடுத்த ஓரிரு வருடத்திலும் போன பணம். எண்டோமென்ட் பாலிசியில் ஏஜென்ட் கமிஷனும் நிறுவனத்தின் செலவும் முதல் வருடங்களில்தான் மொத்தமாக இறங்கும். அதனால்தான் ஆரம்பத்தில் மூடினால் கையில் ஒன்றும் நிற்காது. நீங்கள் அந்த மேட்டை ஏறி முடித்துவிட்டீர்கள். ஆகவே ‘இதுவரை என்ன நஷ்டம்’ என்பதை விட்டுவிடுங்கள். இன்றைக்குக் கையில் 2,20,000 ரூபாய் வரக்கூடிய ஒரு பாலிசி இருக்கிறது. இன்றிலிருந்து மூன்று வழிகளில் அது எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் பார்ப்போம்.

உங்கள் ரசீதிலும் போனஸ் கடிதத்திலும் இருந்து எடுத்த எண்கள் இவை. ஆயிரத்துக்கு 42 ரூபாய் போனஸ். பத்து லட்சத்துக்கு வருடம் 42,000. ஆறு வருடத்தில் 2,52,000 சேர்ந்திருக்கிறது. இந்தப் போனஸ் முழுதாக இன்று கையில் வராது, முதிர்விலோ இறப்பிலோதான் வரும். ஆனால் ஒருமுறை சேர்ந்தது போகாது.

கடைசி வரை கட்டினால், இதே போனஸ் தொடர்ந்தால், 2040-ல் 10 லட்சமும் போனஸ் 8,40,000-மும் சேர்த்து 18,40,000 வரும். தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 5.2 சதவீதம். யூடியூபில் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இதுதான். தப்பில்லை. 2020-ல் என்னைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் கேட்பது இப்போது. ஆறு வருடத்தோடு நிறுத்தினால் பாலிசி செத்துவிடாது. பெய்ட்-அப் என்ற நிலைக்குப் போகும். இருபதில் ஆறு பிரீமியம் கட்டியிருப்பதால் பத்து லட்சத்தில் இருபதில் ஆறு பங்கு, அதாவது 3 லட்சம் காப்புத் தொகையாகக் குறையும். சேர்ந்த போனஸ் 2,52,000 அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். புதுப் போனஸ் கிடையாது. ஒரு பைசா கட்டாமல் 2040-ல் 5,52,000 வரும். இன்று கிடைக்கும் 2,20,000-ஐ வாங்காமல் விட்டுவைத்ததற்கு இது வருடத்துக்கு 6.8 சதவீதம் போல ஆகிறது, அதுவும் வரி இல்லாமல். (உங்கள் பிரீமியம் காப்புத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்பதால் முதிர்வுக்கும் சரண்டருக்கும் வருமான வரி வராது. இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிவிட்டதால் 80சி-யில் கழித்ததைத் திருப்பிச் சேர்க்கும் தொல்லையும் இல்லை.) இன்று 2,20,000-ஐ வாங்கி டெபாசிட்டில் போட்டு, வருடா வருடம் வட்டிக்குக் கணக்குக் காட்டி, பதினான்கு வருடம் அதைத் தொடாமல் இருந்தால் இதைத் தாண்டுவது கஷ்டம். தொடாமல் இருப்பீர்களா என்பது வேறு கேள்வி.

தொடர்ந்து கட்டினால்? இனிக் கட்டப்போகும் பதினான்கு பிரீமியம், பெய்ட்-அப் தொகைக்கு மேலே 12,88,000 கூடுதலாகக் கொண்டுவருகிறது. அந்தப் பணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 7.3 சதவீதம் வருகிறது. நானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பல வருடமாக 7.1-லேயே நிற்கிற பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். மொத்தத்தில் ஐந்து சதவீதப் பாலிசிதான். ஆனால் மோசமான ஆறு வருடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி அவ்வளவு மோசமில்லை. போனஸ் நிச்சயம் இல்லை, ஒவ்வொரு வருடமும் நிறுவனம் அறிவிப்பது. அது 36-க்கு இறங்கினால் கூட ஆறரை சதவீதம் நிற்கிறது. நீங்கள் இரண்டே பிரீமியம் கட்டிய நிலையில் எழுதியிருந்தால் இந்த எண் 6-க்குச் சற்றே கீழே இருந்திருக்கும், என் பதிலும் மாறியிருக்கும். அதனால் ‘எண்டோமென்ட்டா, உடனே மூடு’ என்பதும் ‘பாதியில் விடாதே’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. கிளையில் போய் இன்றைய சரண்டர் தொகை, பெய்ட்-அப் தொகை, சேர்ந்த போனஸ், இந்த மூன்றையும் எழுதி வாங்கிய பிறகுதான் பேச வேண்டும்.

நல்ல மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இதைவிடக் கூட வராதா என்று கேட்கலாம். வரலாம். ஆனால் ஜூனில் வளையல் போகிற வீட்டில், சந்தை இறங்குகிற வருடத்தில், மாதா மாதம் அந்தப் பணத்தைத் தொடர்ந்து போடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

வளையல் என்றதும் ஞாபகம் வருகிறது, அதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. அடகுக் கடையில் மாதம் ஒன்றரை வட்டி என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பதாயிரத்துக்கு ஆறு மாதம் என்றால் 4,500 ரூபாய். ஆக நீங்கள் கட்டும் பிரீமியம் 52,000 இல்லை, 56,500. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 7.3 சதவீதம் 6.3 ஆகிவிடுகிறது. பாலிசி விழுங்கியது போதாதென்று ஜூன் மாதமும் விழுங்குகிறது.

இதற்கு வழி, பிரீமியம் கட்டும் முறையை மாற்றுவது. வருடத்துக்கு ஒரு தடவை என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக மாற்றித் தரக் கேளுங்கள். சாதாரணமாகப் பாலிசியின் ஆண்டு நாளில் மாற்றுவார்கள். உங்களுக்கு அது ஜூன் மாதமே. அதற்கு முன்னால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு தள்ளுபடி போய்விடும், அதனால் வருடத்துக்கு ஓராயிரம் ரூபாய் கூடலாம். ஜூனில் 52,000-க்குப் பதில் 13,000 சொச்சம். அதை ஸ்கூல் ஃபீஸோடு சேர்த்துச் சமாளித்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் எண்டோமென்ட்டுக்கு இரண்டாம் வருடத்திலிருந்து 2.25 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புது ரசீதில் அது இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் பணம் நிஜமாகவே புரளவில்லை என்றால் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் பாலிசி மேல் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். சரண்டர் தொகையில் பெரும்பகுதியைத் தருவார்கள், வட்டி அடகுக் கடையைவிட நன்றாகவே குறைவு, அசலை உடனே கட்டச் சொல்லி நெருக்க மாட்டார்கள். ஆபத்தும் அதில்தான். யாரும் கேட்கவில்லை என்று வட்டியைக் கட்டாமல் விட்டு, அது வளர்ந்து சரண்டர் தொகையைத் தொட்டு, பாலிசியே முடிந்துபோன குடும்பங்கள் எங்கள் கவுண்டரில் வந்து நின்றிருக்கின்றன.

இப்போது, நீங்கள் அதிகம் எழுதாத விஷயம். உங்கள் கணவர் மாதம் 45,000 சம்பாதிக்கிறார், நீங்கள் 22,000. நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் இந்தப் பாலிசி தருவது 10 லட்சமும் சேர்ந்த போனஸும். அவருடைய இரண்டு வருட வருமானத்துக்குக் கொஞ்சம் மேலே. பட்டறைக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கும்போது இது போதாது. அவருக்கு இன்னும் 50 லட்சத்துக்காவது ஒரு டேர்ம் பாலிசி தேவை. முதிர்வில் ஒன்றும் வராது, இறந்தால் மட்டும் பணம், அதனால் பிரீமியம் குறைவு.

அவருக்குச் சர்க்கரை இருப்பதால் இதில் அவசரப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. அறிக்கை, சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும். சில நிறுவனங்கள் பிரீமியத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள், சிலர் மறுப்பார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் கேட்கும்போது அதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நாலு இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடாமல், சர்க்கரை உள்ளவர்களை எடுத்துக்கொள்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

அந்த டேர்ம் பாலிசியின் பாண்டு கைக்கு வரும் வரை பழைய பாலிசியைத் தொடக் கூடாது. 2020-ல் அவருக்குச் சர்க்கரை இல்லை. அப்போது கொடுத்த பதில்கள் உண்மை, மூன்று வருடமும் தாண்டிவிட்டது. அந்தப் பத்து லட்சம் இன்றைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாத பத்து லட்சம். கட்டாமல் விட்டுவிட்டால் ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கும்போது மறுபடியும் உடல்நலம் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், பரிசோதனைக்கும் அனுப்பலாம். அன்றைக்குச் சர்க்கரை குறுக்கே வரும். டேர்ம் பாலிசி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், இந்த எண்டோமென்ட்டை 2040 வரை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கிடைத்தாலும், மூன்று மாதப் பிரீமியம் கட்ட முடிகிற வரை தொடருங்கள் என்பதே என் கட்சி. ஒரு வருடம் முயன்று பார்த்தும் முடியவில்லை என்றால் பெய்ட்-அப் ஆக்கி விடுங்கள். சரண்டர் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி ஏதாவது வந்து கழுத்தைப் பிடித்தால் ஒழிய.

திரும்பி வரும் சீட்டுப் பணத்தில் ஜூன் தவணையையும் டேர்ம் பாலிசியின் முதல் பிரீமியத்தையும் கட்டிவிட்டு, மீதியை நிஜமான டெபாசிட்டில், அதே வங்கியிலேயே கூடப் போடலாம். இந்தத் தடவை கவுண்டரில் ‘எஃப்.டி. ரசீது’ என்று அச்சடித்த காகிதம் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

சரண்டர் தொகை கேட்டு விசாரித்துவிட்டீர்கள் அல்லவா, இனி ஒரு மாதத்துக்குப் போன் வரலாம். ‘உங்க பாலிசியில போனஸ் மாட்டிக்கிட்டிருக்கு, ஏஜென்ட் கமிஷன் உங்களுக்கே திரும்ப வரும், ஒரு சின்ன பாலிசி போட்டா ரிலீஸ் ஆகும்’ என்பார்கள். ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்றும் சொல்வார்கள். ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை. வைத்துவிடுங்கள்.

கடைசியாக மாமா. பழையதை மூடிவிட்டுப் புதியது போடலாம் என்று அவர் சொல்வதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடுகிற உங்கள் பாலிசியில் அவருக்கு வருடம் 5 சதவீதம் போல, 2,600 ரூபாய் வருகிறது. அதே 52,000-க்குப் புதுப் பாலிசி போட்டால் முதல் வருடத்தில் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கூட 13,000. உங்களுக்கோ, கஷ்டப்பட்டு ஏறிய அந்த மேட்டை மறுபடியும் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும், 41 வயதுப் பிரீமியத்தில், சர்க்கரையோடு. இதை அவரிடம் வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை. “மாமா, பாலிசியை மூடலை, தொடர்ந்து கட்டப்போறோம், மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தணும், அந்த ஃபாரத்தை மட்டும் வாங்கிட்டு வாங்க” என்று உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவரே கிளையில் கொண்டுபோய்க் கொடுத்து, சீல் வைத்த நகலையும் வாங்கி வந்துவிடுவார். மே மாதத்துக்குள் கேளுங்கள்.